தண்ணீருக்கு ஒரு சுமைதாங்கி

எங்கள் குவாரியில் பெய்கிற மழை தலைச்சுமையோடுதான் மலையிலிருந்து இறங்கும். சுமையை இறக்கி வைத்துவிட்டு, மூன்று நாள் உட்கார்ந்து ஆறி, பிறகு வெறுங்கையோடுதான் அது ஊருக்குள் போக வேண்டும். இறக்க வைப்பதும் உட்கார வைப்பதும் என் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். என் பேர் பாவாயி.

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று தொட்டி இருக்கிறது. முதல் தொட்டியில் தண்ணீர் பொடிக்கல்லை இறக்கும், இரண்டாவதில் மணலை, மூன்றாவதில் மாவை. மாவு என்றால் கிரஷரில் கல் அரைபடும்போது பறக்கிற வெள்ளைத் தூசி. இருப்பதில் மோசமான சுமை அதுதான். கனமே தெரியாது என்பதால் தண்ணீர் மறந்துபோய்க் கூடவே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அதனால் நான் மதகுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "கையில என்ன, காட்டு" என்று பார்த்துத்தான் அனுப்புவேன். சில மழை முறைக்கும். சித்திரையில் வருகிற கோடை மழைக்கு வாய் அதிகம், தனக்கு எங்கேயோ அவசரமாகப் போக வேண்டும் என்று சொல்லும். உட்காரு என்பேன். உட்காரும்.

தலையில் சுமை வைத்திருப்பவர் தானாக அதை இறக்க முடியாது. சுமந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். ஆள் இல்லாத வழியில் ஒரு சுமைதாங்கி வேண்டும். எங்கள் குவாரி வாயில், வாய்க்கால் ஆரம்பிக்கிற இடத்தில், அப்படி ஒன்று இருந்தது. தோள் உயரத்துக்கு இரண்டு கல், அவற்றின்மேல் படுக்கையாக ஒரு பலகைக்கல். குவாரி வருவதற்கு முன்னால் புல்லுக்கட்டும் விறகும் சுமந்த பெண்களுக்காக யாரோ நட்டது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவள் பேரில்தான் அதை நடுவார்கள். அவள் இறக்காமல் கொண்டுபோன சுமைக்காக மற்றவர்கள் இறக்கி ஆறட்டும் என்று. எங்கள் கல்லில் பேர் தேய்ந்து கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம் இருந்தது.

மலையிலிருந்து வருகிற தண்ணீர் அங்கே நின்று, சுமையைப் பலகைக்கல்லில் வைத்து, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தொட்டிக்குக் கொண்டுவரும். பதினாறு வருஷம் அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும் புத்தியில் ஏறவில்லை.

போன புரட்டாசியில் வாய்க்காலை நேராக்கினோம். கல் குறுக்கே நின்றது. பொய் சொல்ல மாட்டேன், எடுக்கச் சொன்னது நான்தான். தண்ணீர் வழியில் நின்று கதை பேசாமல் நேராகத் தொட்டிக்கு வரட்டும் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் ஜெகதீசன் சேலத்துப் பையன், எந்தக் கல்லையும் சும்மா நிற்க விடமாட்டான். பொக்லைனை விட்டுப் பிடுங்கினான். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ஓரமாக நகர்த்தி நட்டிருப்பார்கள். நாங்கள் குவாரிக்காரர்கள். மூன்று கல்லையும் கிரஷரில் போட்டோம். முக்கால் அங்குல ஜல்லியாக வந்தது. நல்ல ஜல்லி.

ஐப்பசி முதல் வாரம் பெரிய மழை. தண்ணீர் நேரான வாய்க்காலில் விறுவிறுவென்று வந்து முதல் தொட்டியில் இறங்கி நின்றது. நின்றதே தவிர உட்காரவில்லை. தலையில் சுமை அப்படியே இருந்தது. சுண்ணாம்பு கரைத்த நிறம். இறக்கு என்றேன். என் முகத்தைப் பார்த்தது. நான் இரண்டு கையையும் கொடுத்தேன். ஒரு ஆளுக்குக் கை கொடுக்கலாம், ஒரு மழைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? ஒரு அண்டா அளவு இறக்குவதற்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுபோயிற்று. தண்ணீர் மூன்று தொட்டியிலும் சுமையோடு மூன்று நாள் நின்றது. கால் மாற்றி மாற்றி நின்றது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் அடுத்த மழை மேலே வந்து காத்திருந்தது. இடம் விட்டாக வேண்டும். மதகைத் திறந்தேன். சுமையோடு போயிற்று.

என் மகள் சுகந்தியைக் கீழே ஓலைப்பாளையத்தில் கொடுத்திருக்கிறேன். அவள் மாமியார் அத்தாயிக்கு ஒரு ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. எங்கள் மதகைத் தாண்டிய தண்ணீர் முதலில் போய்ச் சேர்கிற இடம் அதுதான். அன்றைக்கு அத்தாயி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். தலைச்சுமையோடு ஒருவர் எதிரே வந்தால் கை கொடுத்து இறக்குவது எங்கள் பக்கத்துப் பழக்கம். வந்தது யார், தலையில் என்ன என்று கை விசாரிக்காது. அத்தாயி குனிந்த தலை நிமிராமல் கையை நீட்டினார். மழை நாலு நாள் சுமையை மொத்தமாகக் கொடிக்காலில் இறக்கிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை அத்தாயி குவாரி லைனில் என் வீட்டுக்கு வந்தார். கூடவே சுகந்தி. அவளுக்கு ஏழு மாசம். மாப்பிள்ளை பூபதி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"நல்லா இருக்கீங்களா சம்பந்தி?" என்று அத்தாயி முறையாகக் கேட்டார். நானும் முறையாகப் பதில் சொன்னேன். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க தண்ணி எங்க கொடிக்கால்ல சுமை எறக்கிப்போட்டுதுங்க. நான்தான் கை குடுத்தேன், இல்லைன்னு சொல்லலை. ஆனா வர்றப்பெல்லாம் கை குடுத்துட்டு இருந்தா கொடி என்னத்துக்காகும்? பாதி கொடி வெளுத்துப்போச்சு."

"தெரியாம நடந்துபோச்சுங்க."

"அது தெரியுமுங்க. அதனாலதான் நான் சண்டைக்கு வரலை. உங்க தண்ணி வெறுங்கையோட வர்ற அன்னிக்கு உங்க புள்ளையும் வரட்டும். அதுவரைக்கும் ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து சுகந்தியின் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்ட பொம்பளையாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

சுகந்தி அழவில்லை. பெட்டியைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, அந்தக் கல்லை எதுக்கு எடுக்கச் சொன்ன?"

நான் அத்தாயி குடித்த டம்ளரை எடுத்துக் கழுவினேன். வெட்கமாக இருந்தது. போகிற வருகிற தண்ணீரை எல்லாம் அதட்டி உட்கார வைத்தவள், என் அவசரத்தால் என் பிள்ளையை வயிறும் பெட்டியுமாகத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பிரசவத்துக்கு அழைத்து வருவது வேறு, இப்படி வந்து நிற்பது வேறு.

அடுத்த மழைக்கு முன்னால் என்னென்னவோ செய்து பார்த்தோம். படிகாரம் போட்டேன். தண்ணீர் அதையும் வாங்கிச் சுமைமேல் வைத்துக்கொண்டது. கலங்கலைத் தெளிய வைக்கிற தேற்றாங்கொட்டையை இழைத்து ஊற்றினேன். வாசனை நன்றாக இருந்ததோ என்னவோ, கொஞ்சம் முகம் தெளிந்தது, சுமையை மட்டும் விடவில்லை. வாய்க்காலின் குறுக்கே தேங்காய் நார் மூட்டை அடுக்கினோம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஜெகதீசன் முப்பது ஆளை வரிசையாக நிற்கவைத்துக் கை கொடுக்கச் சொன்னான். முப்பது பேரும் சாயங்காலம் வரை இறக்கினார்கள். மறுநாள் ஒருவருக்கும் கையைத் தூக்கிச் சோறு தின்ன முடியவில்லை. கிரஷர் ஒரு நாள் நின்றது. தொட்டியில் கால்வாசி கூடத் தெளியவில்லை.

"புதுசா ஒண்ணு நட்டுப் பார்க்கலாமாக்கா?" என்றான் ஜெகதீசன். "நம்மகிட்ட இல்லாத கல்லா?"

நட்டான். சும்மா சொல்லக் கூடாது, பழையதைவிட நல்ல கல். மேல்பக்கத்தைப் பாலிஷ் போட்டிருந்தான். தண்ணீர் வந்து நின்றது. பலகைக்கல்லை முன்பக்கம் தடவியது, பின்பக்கம் தடவியது. பிறகு சுமையோடு தொட்டிக்கு வந்துவிட்டது.

சுகந்தி இதை வாய்க்கால் திட்டுமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு தேடுதும்மா," என்றாள். "பேரில்லாத கல்லுல யாரு சுமை வைப்பாங்க? அது வெறும் கல்லுதானே."

அவள் சொன்னது சரி. ஆனால் யார் பேரை வெட்டுவது? ஜெகதீசன் முதலாளியின் அம்மா பேரை வெட்டலாம் என்றான். வெட்டினோம். அடுத்த தண்ணீர் அந்தப் பேரைத் தடவிப் பார்த்து, சுமையைப் பாதி இறக்கி, ஏதோ யோசித்து, திரும்பத் தூக்கிக்கொண்டது. அந்த அம்மாள் ஏழு பிள்ளை பெற்று, எண்பத்து நாலு வயசில் தூக்கத்தில் போனவர். எல்லாச் சுமையையும் இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர் பேரில் யாருக்கு ஆறும்?

பேரைச் செதுக்கி எடுத்துவிட்டு எல்லோரும் கல்லைச் சுற்றி நின்றோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருடைய கண் சுகந்தியின் வயிற்றுப் பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். வாயைத் திறந்து ஒருவன் சொல்லியிருந்தால் அன்றைக்கு என் செருப்பு பிய்ந்திருக்கும். "போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்றேன். போனார்கள். சுகந்தியை வீட்டுக்குள் போகச் சொல்லி நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அவள் உள்ளேயிருந்து "அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். நான் பூட்டும் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு வழக்கம்போல வெடி வைத்தார்கள். வெடிக்காரர் மாதேசன் முப்பது வருஷ அனுபவசாலி, ஒரு முறையையும் விடமாட்டார். சங்கு மூன்று தரம் ஊதினார். சிவப்புக் கொடி ஏற்றினார். ஆடு மேய்க்கிறவர்களுக்குச் சொல்லியாயிற்று, தார் ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்தியாயிற்று. மேலே சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மேற்கிலிருந்து ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. நிறைமாசம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தது. சரியாகக் குழிக்கு மேலே வரும்போது வெடி வெடித்தது. மேகம் ஒரு தரம் உதறிக்கொண்டு குழிக்குள் விழுந்தது. ஒரு சொட்டு பெய்யவில்லை.

மாதேசன் இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். மேலே நின்ற எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஜெகதீசன் வெடிப் பதிவேட்டில் எழுதினான்: ஆட்சேதம் இல்லை. மேகம் ஒன்று. நிறைமாசம்.

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து சுகந்தியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு குழிக்குத் திரும்பினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இது பெரியக்காம்மா," என்றாள். "வருஷா வருஷம் ஐப்பசியில எங்க கொடிக்காலுக்கு வரும். அத்தை அப்படித்தான் கூப்புடுவாங்க. இந்த வருஷம் ஏன் இன்னும் காணோம்னு தெனமும் அண்ணாந்து பார்த்துட்டு இருந்தாங்க."

அத்தாயிக்கு போன் போட்டுச் சொன்னோம். சொன்ன அரை மணியில் வந்துவிட்டார். வாசலில் செருப்பை விட்ட வேகத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சம்பந்தி என்ற மரியாதை எல்லாம் அந்த நேரத்தில் இல்லை, நானும் கட்டிக்கொண்டு அழுதேன்.

"எனக்குக் கூடப்பொறந்தது யாருமில்லீங்க," என்றார். "இதைத்தான் அக்கான்னு கூப்புட்டுப் பழகிட்டேன்."

கல் எடுத்து முடித்த பழைய குழியில் பெரியக்காவை அடக்கம் செய்தோம். பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். கனம் இல்லை, ஆனால் பிடி கிடைக்கவில்லை என்றார்கள். அத்தாயி வெளுக்காத கொடியிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை கிள்ளி வந்திருந்தார். அதை மேலே வைத்துத்தான் மண் தள்ளினோம். ஜெகதீசன் யாரும் சொல்லாமலே உளியை எடுத்துக்கொண்டு சுமைதாங்கிக்குப் போனான். பெரியக்கா, ஐப்பசி இருபத்தொன்று என்று வெட்டினான். பாலிஷ் போட்ட இடத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கினான். அது நல்ல யோசனை.

மூன்றாம் நாள் மழை. அத்தாயியும் நானும் சுமைதாங்கிக்கு இந்தப்பக்கம் ஒருவர் அந்தப்பக்கம் ஒருவராக நின்றோம். தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வந்தது. பேரைத் தடவியது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவியது. எங்களுக்கு அவசரமில்லை. பிறகு கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தியது. எங்கள் நாலு கையும் தானாக நீண்டன. சுமை பலகைக்கல்லில் உட்கார்ந்தது. தண்ணீர் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி நடந்தது. பொடிக்கல், மணல், மாவு. மூன்று நாள் உட்கார்ந்தது. நாலாம் நாள் மதகுப் பக்கத்தில் முக்காலி போட்டுக் "கையில என்ன, காட்டு" என்றேன். காட்டியது. ஒன்றுமில்லை. திறந்துவிட்டேன்.

தண்ணீர் வெறுங்கையோடு போய்ச் சேர்ந்த அன்றைக்கே மாப்பிள்ளை வந்தார். இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழற்றினார். சுகந்தி பெட்டியை எடுத்துக்கொண்டாள். அத்தாயிதான் போனில் வேண்டாம் என்றார். "இனி எதுக்கு அலைச்சல்? அங்கயே பெத்துட்டு மூணாம் மாசம் வரட்டும். முறைப்படி நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்கலாம் போலிருந்தது.

மார்கழி கடைசியில் சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதே காலையில் ஜெகதீசன் ஒரு சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுமைதாங்கிக்கு அடியில் கிடந்தது என்றான். எட்டிப் பார்த்தேன். ஒரு முழ உயரத்தில் ஒரு மழை. அப்போதுதான் பிறந்திருந்தது. அச்சு அசல் பெரியக்கா ஜாடை. பேத்திக்குத் தொட்டில் கட்டிய உத்தரத்திலேயே அதற்கும் ஒன்று கட்டி, அடியில் அண்டா வைத்தேன். பேத்தி அழுதால் அது தூறும். அது தூறினால் இவள் தூங்குவாள். இரண்டையும் வளர்ப்பது ஒன்றும் சிரமமாக இல்லை.

மூன்று மாசம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சுகந்தியைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த லைன் வீட்டில் நான் பேசுவதெல்லாம் தண்ணீரோடுதான். இப்போது வீட்டில் நாலு பேர். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது பின்னால் ஒரு சிணுங்கலும் ஒரு தூறலும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நான் பழகிவிட்டேன். பழகியிருக்கக் கூடாது.

பங்குனியில் அத்தாயி சொன்னபடி வந்தார். பழம், பூ, பேத்திக்குக் கொலுசு எல்லாம் முறைப்படி இருந்தது. சின்ன மழைக்கு ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி வந்திருந்தார்.

"ரெண்டு புள்ளையும் கூட்டிட்டுப் போறனுங்க சம்பந்தி. வெயில்ல கொடிக்கால் காயுது. அதுவுமில்லாம அக்கா புள்ளை எங்கூட்டுல வளர்றதுதானே முறை?"

முறைதான். நான் மறுக்கவில்லை. சுகந்தி பெட்டியைக் கட்டினாள். நான் சின்ன மழையைத் தொட்டிலிலிருந்து எடுத்தேன். உச்சந்தலையில் ஒரு சிட்டிகை மாவு இருந்தது. குவாரியில் பிறந்த பிள்ளை, இல்லாமல் போகுமா? ஒரு விரலால் இறக்கி விட்டேன்.

"சுமை எறக்குன மழை மூணு நாள் உக்காரோணுமுங்க," என்றேன். "குவாரியில பெய்யற எந்த மழையா இருந்தாலும் அதுதான் சட்டம். பதினாறு வருஷமா நான் ஒண்ணையும் விட்டதில்லை."

அத்தாயி சின்ன மழையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சட்டம்னா சட்டந்தானுங்க," என்று பையைக் கீழே வைத்தார். மூன்றாவது தொட்டியின் ஓரத்தில் சின்ன மழையை உட்கார வைத்தோம். பக்கத்தில் பாயைப் போட்டு அத்தாயியும் உட்கார்ந்தார். சுகந்தி பெட்டியை அவிழ்த்தாள். மூன்று நாளும் நான் இரண்டு குழம்பு வைத்தேன்.

நாலாம் நாள் காலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "தலையைக் காட்டு" என்றேன். காட்டியது. உச்சந்தலையில் மறுபடியும் ஒரு சிட்டிகை மாவு.

"முதல்லருந்து மூணு நாளுங்க," என்று சொல்லிவிட்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அத்தாயி என் முந்தானை முடிச்சிலிருந்து உதிர்ந்த மாவைப் பார்த்தார். எழுந்து போய் உலைக்கு அரிசி களைந்தார், நாலு பேருக்கும் சின்ன மழைக்கும் சேர்த்து.